மதிரான் துவர்க்கிறது: இதயத்துக்காகச் சிவப்பு ஒயின் குடிக்கப் பழகுவது எப்படி?

துலூஸ்வாசி:

வணக்கம். அசட்டுக் கேள்விதான், இருந்தாலும் கேட்டுவிடுகிறேன். நாக்குக்குப் பிடிக்காத ஒன்றைப் பிடிக்க வைப்பது எப்படி? எனக்கு அந்த ஒன்று சிவப்பு ஒயின்.

வயது 48. கும்பகோணத்துப் பக்கம் சொந்த ஊர். ஆறு வருடமாகப் பிரான்சின் தென்மேற்கில் துலூஸ் நகரத்தில் இருக்கிறேன், விமானப் பாகங்களுக்கு வரைபடம் போடும் வேலை. அப்பா 56 வயதில் மாரடைப்பில் போனார். ரேஷன் கடைக்குப் போய்த் திரும்பி வந்தவர், சைக்கிளை நிறுத்திவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார். அவ்வளவுதான். குடித்ததில்லை, பீடி சிகரெட் கிடையாது, வெற்றிலை கூடப் போட்டதில்லை. எனக்கு 50 நெருங்க நெருங்க அந்தத் திண்ணை அடிக்கடி நினைவில் வருகிறது.

மார்ச்சில் ரத்தப் பரிசோதனை எடுத்தேன். இங்கே லிட்டருக்கு இத்தனை கிராம் என்று எழுதித் தருவார்கள், நம் ஊர்க் கணக்குக்கு நூறால் பெருக்கிக்கொள்ள வேண்டும். கெட்ட கொழுப்பு எல்டிஎல் 1.48. நல்ல கொழுப்பு எச்டிஎல் 0.36. ரத்தத்தில் இருக்கும் இன்னொரு கொழுப்பான ட்ரைகிளிசரைடு 2.10. மருத்துவர், "சோற்றைக் குறை, நட, மூன்று மாதம் பார்ப்போம், இறங்காவிட்டால் மாத்திரை" என்றார். எச்டிஎல்லை ஏற்ற என்ன வழி என்று கேட்டதற்குத் தோளை மட்டும் குலுக்கினார். பிரெஞ்சுக்காரர்கள் தோளைக் குலுக்கினால் அதற்கு மேல் ஒன்றும் பெயராது.

கீழ்வீட்டுக்காரருக்கு 81 வயது. மருந்துக்கடை நடத்தி ஓய்வு பெற்றவர். உருளைக்கிழங்கை வாத்துக் கொழுப்பில்தான் வறுப்பார். சாப்பாட்டை முடிக்கும்போது சீஸ். மதியம் ஒரு கோப்பை சிவப்பு ஒயின். லிஃப்டைத் தொட மாட்டார். என் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "உனக்கு மாத்திரை எதற்கு, மதிரான் குடி" என்று மூன்று பாட்டில் கொடுத்தார். மதிரான் என்பது இங்கிருந்து மேற்கே விளையும் ஒயின். மதிரை என்றால் தமிழிலும் மதுதானே என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன், அவருக்கு விளக்க முடியவில்லை.

அப்புறம் தேடிப் படித்தேன். செர்ஜ் ரெனோ என்ற பிரெஞ்சு ஆய்வாளர் 1992இல் 'லான்செட்' இதழில் எழுதியிருக்கிறார்: பிரெஞ்சுக்காரர்கள் இவ்வளவு கொழுப்பு சாப்பிட்டும் மாரடைப்பில் குறைவாகச் சாகிறார்கள், காரணம் ஒயினாக இருக்கலாம் என்று. அவர் எடுத்துக்கொண்ட மோனிகா என்ற இதயநோய்க் கணக்கெடுப்பில் இந்தத் துலூஸும் ஒரு ஊர்! 2006இல் லண்டனிலிருந்து ரோஜர் கார்டர் என்பவர் 'நேச்சர்' இதழில், ரத்தக்குழாய்க்கு நல்லது செய்யக்கூடிய ப்ரோசயனிடின் என்ற பொருள் இந்தத் தென்மேற்கு ஒயின்களில் அதிகம் என்கிறார். மருந்து விளைகிற மண்ணிலேயே குடியிருந்துகொண்டு சும்மா இருக்கிறோமே என்று தோன்றியது.

ஆனால் குடிக்க முடியவில்லை. முதல் தடவை, ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி, தயிர்சாதம் எலுமிச்சை ஊறுகாயோடு. நாக்கில் யாரோ உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது போல இருந்தது, ஊறுகாய் தொண்டை வரை எரிந்தது. இரண்டாம் தடவை சர்க்கரை போட்டுக் கலக்கினேன். மூன்றாம் தடவை, சின்ன வயதில் விளக்கெண்ணெய் குடித்த மாதிரி மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கு.

மனைவி வேடிக்கை பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டாள்: "உங்கப்பா குடிக்காததாலயா செத்தார்?" என்னிடம் பதில் இல்லை.

பழகியவர்கள் சொல்லுங்கள். எந்த ஒயினில் தொடங்குவது, எவ்வளவு, எதோடு? பழகி என்ன பிரயோஜனம் என்று சொல்பவர்களும் சொல்லலாம்.


பாண்டிக்காரி:

தம்பி, தயிர்சாதம் வரை வந்ததும் படிப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்து முடித்து, அப்புறம்தான் மீதியைப் படித்தேன். நான் பிறந்தது புதுச்சேரி, இப்போது லியோனில் ஒரு உணவகத்தில் 22 வருடமாக ஒயின் பரிமாறுகிறேன். இதயம் பற்றி எனக்குத் தெரியாது. நாக்கு பற்றிச் சொல்கிறேன்.

நீங்கள் நீச்சல் பழக நேராகக் கடலில் குதித்திருக்கிறீர்கள். மதிரானில் போடும் முக்கியத் திராட்சைக்குத் தன்னா என்று பெயர். பிரான்சில் அதைவிட முரடான திராட்சை எனக்குத் தெரிந்து இல்லை. 1990களின் தொடக்கத்தில் பாத்ரிக் துகுர்னோ என்ற மதிரான்காரர், தொட்டியில் இருக்கும் ஒயினுக்குள் துளித்துளியாக ஆக்சிஜன் விட்டு அந்த முரட்டுத்தனத்தைக் குறைக்க ஒரு முறையே கண்டுபிடித்தார். விளைவித்தவர்களே அதை அடக்க ஆக்சிஜன் ஊதியிருக்கிறார்கள். நீங்கள் ஊறுகாய் தொட்டுக்கொண்டீர்கள்.

முதலில் ஒன்று புரிந்துகொள்ளுங்கள். நாக்கில் உப்புத்தாள் என்று சொன்னீர்களே, அது கசப்பு இல்லை, துவர்ப்பு. இங்கே புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு இந்த வித்தியாசத்தைப் புரியவைக்க எனக்கு ஒரு வாரம் ஆகும். நமக்குப் பாக்கு, நெல்லிக்காய், வாழைப்பூ, நாவல்பழம், கடுக்காய் என்று சின்ன வயதிலேயே நாக்கு படித்துவிடுகிறது. அறுசுவையில் அதற்குத் தனியாக ஒரு இடமே வைத்திருக்கிறோம். துவர்ப்பைத் தரும் பொருளுக்கு டானின் என்று பெயர். அது எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்ளும், வழுவழுப்பு போய்விடும், வாய் வறண்டு இழுக்கும். பாக்கு செய்வதும் இதைத்தான்.

ஒரு சோதனை செய்யுங்கள். தேயிலையைப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, பால் சர்க்கரை இல்லாமல் ஒரு வாய் குடியுங்கள். வாய் இழுக்கும். அதிலேயே இரண்டு ஸ்பூன் பால் விட்டு இன்னொரு வாய். துவர்ப்பு பாதியாகிவிடும், ஏனென்றால் டானின் உங்கள் எச்சிலை விட்டுவிட்டுப் பாலின் புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. கீழ்வீட்டுப் பெரியவர் சீஸும் வாத்தும் சாப்பிட்டுக்கொண்டே குடிப்பதன் ரகசியம் இதுதான். அவர் வாயில் இருக்கிற மதிரான் வேறு, உங்கள் வாயில் இருக்கிற மதிரான் வேறு.

தயிரிலும்தான் புரதம் இருக்கிறது, அது ஏன் காப்பாற்றவில்லை என்று கேட்பீர்கள். கெடுத்தது ஊறுகாய். காரத்தின் மேல் மதுச்சாரம் பட்டால் எரிச்சல் ஏறும், துவர்ப்பும் கூர்மையாகத் தெரியும். குளிர்ச்சியும் அப்படித்தான், ஃபிரிட்ஜ் குளிரில் துவர்ப்பு மட்டும் முன்னால் வந்து நிற்கும், வாசனை எழும்பவே எழும்பாது. சிவப்பு ஒயினை 16 டிகிரி போல வைத்துக் குடிக்க வேண்டும். வயிறு அகன்று வாய் குறுகிய கண்ணாடிக் கோப்பையில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றிச் சுழற்றினால் வாசனை உள்ளே நிற்கும்.

எதில் தொடங்குவது? உங்கள் ஊருக்கு வடக்கே கொஞ்ச தூரத்தில் ஃப்ரோந்தோன் என்று ஒரு பகுதி இருக்கிறது. அங்கே நெக்ரெத் என்ற திராட்சை. மென்மையாக இருக்கும், வயலட் பூ வாசனை வரும். துலூஸுக்கே வயலட் நகரம் என்றுதானே பெயர். லியோன்காரியான நான் எங்கள் பக்கத்துப் பொஜொலே ஒயின்தான் உசத்தி என்று சொல்ல வேண்டும், ஆனால் பக்கத்திலேயே நெக்ரெத்தை வைத்துக்கொண்டு ஏன் அலைகிறீர்கள். விக்டோர் ஹூகோ சந்தையில் கொழுப்பில் வேகவைத்த வாத்துக்கால் வாங்கி, அதோடு குடித்துப் பாருங்கள். இரண்டு வாய் போதும். வாயில் கொஞ்சம் உருட்டிவிட்டுத் துப்பினாலும் தப்பில்லை, நான் வேலை நேரத்தில் துப்பத்தான் செய்கிறேன்.

ஒன்று, மூக்கைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். ஒயினில் பாதிக்கு மேல் மூக்கில்தான் இருக்கிறது.


மாம்பலம்:

எங்கள் தெருமுனையிலும் ஒரு ஒயின்ஷாப் இருந்தது. இருபது வருடத்தில் அங்கிருந்து ஒருவர் கூட ஒயின் வாங்கிக்கொண்டு வந்து நான் பார்த்ததில்லை. மற்றபடி, "காலை இஞ்சி, கடும்பகல் சுக்கு, மாலை கடுக்காய்" என்று பாட்டி சொல்வாள். மாலையில் துவர்ப்புதான் வேண்டுமென்றால் கடுக்காய் மலிவு, சார்.


வார்டு அக்கா:

வணக்கம் அண்ணா. நான் யாழ்ப்பாணம், பாரிஸுக்குப் பக்கத்தில் இருதய வார்டில் 17 வருசமாகத் தாதியாக வேலை. பாண்டி அக்காவின் பதில் வாசிக்க எனக்கே வைன் குடிக்க ஆசை வந்தது. ஆனால் உங்கட ரிப்போர்ட்டைத் திரும்ப ஒருக்காப் பாருங்கோ. எல்லாரும் எல்டிஎல், எச்டிஎல் எண்டு பார்த்துப்போட்டு ட்ரைகிளிசரைடை விட்டிடுவார்கள். உங்களுக்கு 2.10. 1.50க்குக் கீழே இருக்க வேண்டும். மதுச்சாரம் அதை ஏற்றும். சோற்றைக் குறைக்கச் சொல்லி டொக்டர் சொன்னதற்கும் அதுதான் காரணம். ஒரு பக்கம் சோற்றைக் குறைத்து, மறுபக்கம் வைனை ஊற்றினால் கணக்கு எங்கே போகும்?

இனி உங்கட மனைவி கேட்ட கேள்விக்கு வருவோம். அவ கேட்டது சரியான கேள்வி. குடிக்காதவர்களைவிட அளவாகக் குடிப்பவர்களுக்கு மாரடைப்பு குறைவு எண்டு கன ஆய்வுகள் சொன்னது உண்மை. ஆனால் அந்தக் "குடிக்காதவர்கள்" யார் எண்டு பார்க்கவேணும். முந்திக் குடித்து, வருத்தம் (நோய்) வந்து, டொக்டர் சொல்லி நிப்பாட்டினவர்களும் அதற்குள் இருந்தார்கள். பிரிட்டனில் ஷேப்பர் எண்டவர் 1988இலேயே இதைச் சொல்லிவிட்டார். வருத்தக்காரரை ஒரு பக்கம் நிற்கவிட்டு, மற்றப் பக்கம் பார்த்து "குடித்தவர்கள் சுகமாயிருக்கினம்" எண்டு சொன்ன மாதிரி. அளவாகக் குடிப்பவர்கள் பொதுவாக வசதியானவர்கள், மரக்கறி தின்பவர்கள், நடப்பவர்கள் எண்டதையும் சேர்த்துக்கொள்ளுங்கோ.

எங்கட ஆக்களுக்கு இன்னொரு விசயம். 52 நாடுகளில் செய்த இன்டர்ஹார்ட் ஆய்வில் இந்தியா, இலங்கை, பாகிஸ்தான், வங்கதேசம், நேபாளம் எல்லாம் இருந்தன. முதல் மாரடைப்பு வந்த வயது எங்கட பக்கத்தில் சராசரியாக 53, மற்ற இடங்களில் 59க்குக் கிட்ட. மது மற்ற இடங்களில் பாதுகாப்புப் போலத் தெரிந்தது, தெற்காசியரில் அந்தப் பாதுகாப்புத் தெரியவேயில்லை. 2007இல் வெளிவந்தது. உங்கட அப்பா 56, என்ர மாமா 51. எனக்கு இந்த எண்ணை மறக்க ஏலாது.

கொழுப்புத் தின்றும் மாரடைப்புக் குறைவு எண்ட அந்தப் பிரெஞ்சுப் புதிர் பற்றி: 1999இல் லோ, வால்ட் எண்ட இரண்டு பேர், பிரான்சில் மாரடைப்புச் சாவுகளில் ஒரு பகுதி வேறு காரணம் எண்டு பதியப்பட்டதையும், பிரெஞ்சுக்காரர் கொழுப்பை இவ்வளவு தின்னத் தொடங்கியது மற்றவர்களுக்குப் பிந்தி எண்டதையும் எழுதினார்கள். 1960இல் இந்த நாட்டில் ஆளுக்கு வருசத்துக்கு 100 லீற்றருக்கு மேலே வைன் குடித்தார்கள், இப்ப பாதிக்கும் கீழே. வைன் குறைந்த அந்தக் காலத்திலதான் இருதயச் சாவும் குறைந்தது.

இரவு வார்டில் நான் காண்பது வேறை. கிழமை முடிவு விருந்துக்குப் பிறகு நெஞ்சு படபடவெண்டு துடிக்க வருவார்கள். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், இதயத் துடிப்பு ஒழுங்கு தப்புவது. மதுவோடு அதற்கு இருக்கிற தொடர்பு நல்லாத் தெரிந்த விசயம். அரசாங்கமே இங்கே சொல்லுது: ஒரு நாளைக்கு ஆகக்கூடினது இரண்டு கோப்பை, அதுவும் ஒவ்வொரு நாளும் இல்லை. அது குடிக்கிறவர்களுக்குச் சொன்ன எல்லை, குடிக்காதவர்களுக்கு எழுதின மருந்துச்சீட்டு இல்லை.


தரவுப்பித்தன்:

வார்டு அக்கா சொன்னதோடு பெரும்பாலும் ஒத்துப்போகிறேன், ஆனால் ஒன்றை விட்டுவிட்டார். குடிக்காதவர்களைக் குடிக்க வைத்தே ஒரு சோதனை நடந்திருக்கிறது. இஸ்ரேலில் பென் குரியன் பல்கலைக்கழகத்தார், நீரிழிவு உள்ள 224 பேரைச் சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி மூன்றாகப் பிரித்து, இரவுச் சாப்பாட்டோடு 150 மில்லி சிவப்பு ஒயின், வெள்ளை ஒயின், வெறும் மினரல் வாட்டர் என்று இரண்டு வருடம் கொடுத்தார்கள். 2015இல் முடிவு வந்தது. சிவப்பு ஒயின் குடித்தவர்களுக்கு எச்டிஎல் ஏறியது. துலூஸ்வாசியின் பிரச்சினையே எச்டிஎல்தானே?


வார்டு அக்கா:

எவ்வளவு ஏறினது எண்டும் சொல்லுங்கோ தம்பி. ஏறத்தாழ 2 மில்லிகிராம். அண்ணாவின் 36 இரண்டு வருசத்தில் 38 ஆகும். இரத்த அழுத்தம் இறங்கவில்லை. எச்டிஎல்லை எக்கச்சக்கமாக ஏற்றின டோர்செட்ராபிப் எண்ட மாத்திரையை 2006இல் பாதியில் நிப்பாட்டினார்கள், ஏனெண்டால் அதைப் போட்டவர்கள்தான் கூடச் செத்தார்கள். அந்த எண் ஏறினால் ஆள் தப்புவார் எண்டு இல்லை. அண்ணாவின் டொக்டர் தோளைக் குலுக்கினது அதற்காகத்தான் இருக்கும்.


தரவுப்பித்தன்:

சரி, ஒத்துக்கொள்கிறேன். டோர்செட்ராபிப் நினைவில் இல்லை.


துலூஸ்வாசி:

மூன்று மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

தேநீர்ச் சோதனையை அன்றைக்கே செய்தோம். மனைவி, "வாழைப்பூவை மோரில் நறுக்கிப் போடுறோமே, அதுவும் இதுதானா?" என்று கேட்டாள். அதுவும் இதுதான் போலிருக்கிறது. 48 வயதில் எனக்கு இது தெரியவில்லை, பத்தாயிரம் தடவை வாழைப்பூ சாப்பிட்டிருக்கிறேன்.

ஒரு சனிக்கிழமை ஃப்ரோந்தோன் போய் ஒரு நெக்ரெத் வாங்கி வந்து கீழ்வீட்டுக்காரருடன் திறந்தேன். மதிரானை விட்டுவிட்டு இதையா என்று முகம் சுளித்தார், ஆனால் வாத்துக்கால் வறுத்தார். முதல் வாய் எதுவும் இல்லை. வாத்துத் தோலைக் கடித்துவிட்டு இரண்டாம் வாய் குடித்தபோது, பள்ளிக்கூடத்துக்கு வெளியே கூடையில் விற்பார்களே, உப்புப் போட்டுக் குலுக்கிய நாவல்பழம், அந்த ஞாபகம் வந்தது. பூ வாசனை எனக்குப் பிடிபடவில்லை. துப்பத் தோன்றவில்லை, அவ்வளவுதான். அரைக் கோப்பை. அதற்கு மேல் கேட்கவும் தோன்றவில்லை.

அவர் கோப்பை கழுவப் போனபோது அலமாரியில் ஒரு புகைப்படம் பார்த்தேன். அதே மேஜை, அதே மாதிரி பாட்டில், இவர் இளமையாக, பக்கத்தில் இவர் சாயலில் இன்னொருவர். அண்ணனாம். 59இல் மாரடைப்பில் போய்விட்டாராம். "அவரும் மதிரான்தானா?" என்று கேட்டேன். "என்னைவிட அதிகம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அவன் சிகரெட்டும் பிடிப்பான்" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

சோற்றை மதியத்தோடு நிறுத்தினேன். சாயங்காலம் கனால் து மிதி கால்வாய்க் கரையில் ஐந்து கிலோமீட்டர் நடக்கிறேன், பிளாட்டான் மர நிழல், சைக்கிள்காரர்கள்தான் தொந்தரவு. ஜூன் ரிப்போர்ட்: ட்ரைகிளிசரைடு 1.58. எல்டிஎல் 1.41, அசைந்து கொடுக்கவில்லை. அப்பாவின் வயதைச் சொன்னதும் மருத்துவர் மாத்திரை எழுதிவிட்டார், இரவில் ஒன்று போட்டுக்கொள்கிறேன். எச்டிஎல் 0.37. வார்டு அக்கா, அதைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். ஒயின் மாதத்தில் ஓரிரு சனிக்கிழமை, கீழ்வீட்டில் வாத்து இருந்தால் மட்டும். மனைவி ஒரு சொட்டு நக்கிப் பார்த்துவிட்டு, இதற்கு வாழைப்பூ உசிலி எவ்வளவோ தேவலை என்று சொல்லிவிட்டாள்.

பாண்டிக்காரி அக்காவுக்கு ஒரு கேள்வி. கீழ்வீட்டுக்காரர் கொடுத்த மூன்றில் இரண்டு மதிரான் இன்னும் திறக்காமல் இருக்கிறது. திருப்பிக் கொடுக்கப் போனேன், வாங்க மறுத்துவிட்டார். பத்து வருடம் வைத்திருந்தால் துவர்ப்பு தானாக அடங்கும், அப்போது திறந்து குடி என்கிறார். பத்து வருடம் கழித்து எனக்கு 58. கட்டிலுக்கு அடியில் படுக்க வைத்திருக்கிறேன். ஆனால் இந்தக் கோடையில் அந்த அறை 29 டிகிரி வரை போகிறது. கெட்டுப்போகுமா?


பாண்டிக்காரி:

கட்டாயம் கெட்டுப்போகும், இன்றைக்கே எடுத்துவிடுங்கள். பழைய கட்டடம் என்றால் ஒவ்வொரு வீட்டுக்கும் கீழே நிலவறை இருக்குமே. உங்களுக்கு இல்லையென்றால் அவருடையதில் ஒரு ஓரம் கேளுங்கள். பாட்டிலில் உங்கள் பெயரையும் திறக்க வேண்டிய வருடத்தையும் எழுதி ஒட்டுங்கள், இல்லாவிட்டால் அவர் குடித்துவிடுவார்.